ஒவ்வாமை என்னும் ஒரு சொல்

மருத்துவமனை முகப்பில் நம்மிடம் தவறாமல் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. மலேசியாவில் அதனை "ஆடா அலாஹான் உபாட்?" என்று மலாய்மொழியில் கேட்பர். சிங்கப்பூரிலும் நான்கு மொழிகளில் எந்த மொழியில் கேட்டாலும் பொருள் ஒன்றே: உங்களுக்கு ஒவ்வாத மருந்து ஏதும் உண்டா? நாமும் ஒரு சொல்லில் விடையளித்துவிட்டு இருக்கையில் அமர்ந்துவிடுகிறோம். அந்த ஒரு சொல் உயிரைக் காக்கவும் கூடும். மருத்துவரின் கையைக் கட்டிப்போடவும் கூடும் என்பதை எண்ணிப் பார்ப்போர் சிலரே.

அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்பது நம் முன்னோர் மொழி. ஒவ்வாமையோ அந்த அளவுக்குக் கட்டுப்படுவதன்று. ஊருக்கெல்லாம் அமுதமாகும் மருந்து ஒருவருக்கு மட்டும் உரிய அளவிலேயே, சில வேளை அதனினும் குறைந்த அளவிலேயே, நஞ்சாகிறது. நோயை எதிர்க்க வேண்டிய உடலின் காவற்படை நண்பனைப் பகைவன் என்று மயங்கிப் போர்தொடுப்பதே இதன் காரணம். 1906ஆம் ஆண்டில் வியன்னாவின் மருத்துவர் கிளெமென்ஸ் ஃபான் பிர்க்கே இதற்கு 'அலர்ஜி' என்று பெயரிட்டார். மருந்துண்டபின் வயிறு புரட்டுவதும், ஓரிரு முறை பேதியாவதும் பெரும்பாலும் பக்க விளைவுகளே. அவற்றையும் நாம் ஒவ்வாமைக் கணக்கில் எழுதிவிடுகிறோம்.

என் அக்காளுக்கு அப்படி ஒரு கணக்கு 1966இல் எழுதப்பட்டது. ஜொகூரின் ரப்பர்த் தோட்டம் ஒன்றில் நாங்கள் வாழ்ந்த காலம் அது. தொண்டைப் புண்ணும் காய்ச்சலும் கண்ட ஒன்பது வயதுச் சிறுமிக்குத் தோட்ட மருத்துவமனையில் பென்சிலின் ஊசி போட்டார்கள். உடம்பெங்கும் சிவந்த தடிப்புகள் தோன்றின. "இனி இந்தப் பிள்ளைக்குப் பென்சிலின் கூடவே கூடாது" என்றார் டிரெஸ்ஸர் ஐயா. அந்நாளில் அவர் சொல்லே எங்களுக்கு வேதம். அம்மா அதனை நெஞ்சில் பொறித்து வைத்தார்; அக்காள் மணமாகிச் சிங்கப்பூருக்கு வந்தபோது சீதனத்தோடு அச்சொல்லையும் உடன் அனுப்பினார். மருத்துவ அட்டைகள் எத்தனையோ மாறின. சிவப்பு மையில் எழுதிய அந்த வரி மட்டும் மாறவேயில்லை.

ஏறத்தாழ 60 ஆண்டுகளுக்குப் பின் அக்காளின் முழங்காலை மாற்றிப் பொருத்த வேண்டிய நிலை வந்தது. செயற்கை மூட்டில் கிருமி புகுந்துவிட்டால் அதனை வெளியேற்றுவது பெரும்பாடு. ஆகவே, கத்தி வைப்பதற்கு முன்னரே கிருமிகொல்லி ஊசி போடுவது வழக்கம். இதற்கு மிகச் சிறந்தவையாகக் கருதப்படும் மருந்துகள் பென்சிலினுக்கு உறவு முறையானவை. உறவுக்கு அஞ்சி அவற்றையும் ஒதுக்கினால் இரண்டாம் தரமானதைத்தான் நாட வேண்டும். அத்தகையோருக்கு அறுவைப் புண்ணில் கிருமித்தொற்று மிகுதி என்று ஆய்வுகள் கண்டுள்ளன. இதனை எடுத்துரைத்த மயக்க மருத்துவர், "முதலில் ஒவ்வாமைச் சிறப்பு மருந்தகத்துக்குச் சென்று வாருங்கள்" என்றார். நானும் அக்காளுடன் சென்றேன்.

அங்கே முதற்கருவி ஊசியன்று, கேள்வியே. "ஊசி போட்டு எவ்வளவு நேரத்தில் தடிப்பு வந்ததம்மா? மூச்சுத் திணறியதா? வாயிலோ கண்ணிலோ புண் வந்ததா? தோல் உரிந்ததா?" என்று அந்த இளம் மருத்துவர் பொறுமையாகக் கேட்டார். "மறுநாள்தான் தடித்ததென்று அம்மா சொல்வார், டாக்டர். வேறொன்றும் இல்லை" என்றார் அக்காள். காய்ச்சலை உண்டாக்கிய நுண்ணுயிரே குழந்தைகளுக்குத் தடிப்பையும் தருவதுண்டு. பழி மருந்தின்மேல் விழும் என்று மருத்துவர் விளக்கினார்.

பின்னர் முன்கையில் மருந்தைத் துளியாக இட்டு மெல்லக் குத்தினார்கள். கால்மணி நேரம் காத்திருந்தும் தோல் தடிக்கவில்லை. அடுத்துத் தோலுக்குள் சிறிதளவு செலுத்தினார்கள். அதற்கும் அமைதியே. இறுதியாக, பென்சிலின் குடும்பத்தைச் சேர்ந்த அமாக்ஸிஸிலினில் பத்தில் ஒரு பங்கை உண்ணக் கொடுத்து, அரைமணி கழித்து எஞ்சியதையும் கொடுத்தனர். உயிர்காக்கும் அட்ரினலின் மருந்து கைக்கெட்டும் தொலைவில் இருந்தது. செவிலியர் நாடித் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் அடிக்கடி பார்த்தனர். மாலைக்குள் அந்தப் பழைய வரி அடிக்கப்பட்டது. உரிய மருந்துடனேயே அறுவையும் நலமாக நிறைவேறியது.

இஃது அக்காளுக்கு மட்டும் கிட்டிய பேறன்று. பென்சிலின் ஒவ்வாதவர் என்று எழுதப்பட்டோரை முறையாகச் சோதித்தால், பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு அம்மருந்து ஒவ்வுகிறது. மெய்யான ஒவ்வாமையும் பலருக்குக் காலப்போக்கில் தணிகிறது. பத்தாண்டு விலகியிருந்தோரில் ஏறத்தாழ 80 விழுக்காட்டினரை அது விட்டு அகல்கிறது.

ஆயினும், இதைப் படித்துவிட்டு எவரும் வீட்டில் தாமே சோதனையில் இறங்கலாகாது. சிறப்பு மருந்தகமே சோதிக்க மறுக்கும் ஒவ்வாமைகளும் உள. வலிப்பு நோய்க்கும் நரம்பு வலிக்கும் தரப்படும் கார்பமாஸெபின், சிலருக்குத் தீப்பட்டதுபோல் தோலை உரித்து, வாயையும் கண்ணையும் புண்ணாக்கி, உயிருக்கே உலைவைக்கும். அதற்கு ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய் என்று பெயர். அதற்கு ஆளானவருக்கு அம்மருந்தை மீண்டும் ஒரு துளியும் தரலாகாது. எச்.எல்.ஏ.-பி 15:02 என்னும் மரபணு வகைக்கும் இவ்விளைவுக்கும் உள்ள தொடர்பைத் தைவான் ஆய்வாளர்கள் 2004இல் வெளியிட்டனர். சீனரிடையிலும் மலாய்க்காரரிடையிலும் அது மிகுதி, இந்தியரிடையிலும் உண்டு. ஆகவேதான் சிங்கப்பூரில் 2013இல், ஆசிய வழியினருக்கு இம்மருந்தைப் புதிதாகத் தொடங்குமுன் மரபணுவைச் சோதிப்பதே முறை என்று வகுத்தனர்.

மெய்யாகவே ஒவ்வாதவருக்கு வேறு மருந்தே இல்லையெனில் என் செய்வது? மேகநோய் கண்ட கருவுற்ற தாய்க்குப் பென்சிலினே மருந்து. அத்தகையோருக்கு மருத்துவமனையில் மிகமிகச் சிறிய அளவில் தொடங்கிப் படிப்படியாக உயர்த்தி உடலைப் பழக்குகின்றனர். மருந்து தொடரும் வரைதான் அந்த உடன்படிக்கை. நிறுத்திவிட்டால் பழைய பகை திரும்பும்.

அச்சத்தால் எல்லா மருந்தையும் விலக்குவதும் தீது. அலட்சியத்தால் எதையும் விழுங்குவதும் தீது. "பென்சிலின் எனக்கு ஆகாது" என்று உரைப்பவரே, பெயர் வேறாக இருப்பதால் ஆக்மென்டினை உண்டுவிடக்கூடும். அதனுள்ளும் அமாக்ஸிஸிலின் உண்டென்பதை உறையின் சிறிய எழுத்துகளே சொல்லும். எனவே, மருந்தின் பெயர், உண்ட நாள், எவ்வளவு நேரத்தில் என்ன நேர்ந்தது என்பவற்றை ஒரு தாளில் எழுதிப் பணப்பையில் வைத்துக்கொள்வோம். எங்கள் அம்மா அந்தச் சொல்லைத் தம்மால் இயன்றவரை பத்திரமாகக் காத்தார். எழுதப் படிக்கக் கற்ற நாம், சொல்லோடு அதன் விவரத்தையும் சேர்த்து நம் பிள்ளைகளிடம் ஒப்படைக்க வேண்டும்.