இறக்கையில் எழுதிய பெயர்

நம் தங்கையின் கணவர் உயிரோடிருந்த நாளில் அவர் எழுதிய எழுத்துகள் நம் ஊர் வீதியெங்கும் நின்றன. லாரிகளின் நெற்றியில் உரிமையாளருடைய பிள்ளைகளின் பெயர்கள், மளிகைக் கடையின் பலகை, பள்ளிச் சுவரின் அறிவுரைகள் யாவும் அவர் தூரிகையில் பிறந்தவை. எழுத்துக்கு ஒரு வால் இழுப்பதும், வாலின் நுனியில் சிறு பூ வைப்பதும் அவர் வழக்கம். அந்தப் பூவைக் கண்டே, ‘இது இன்னார் கைவேலை’ என்று ஊரார் சொல்லிவிடுவர்.

அவருடைய மகன் விமானப் பராமரிப்புத் தொழில் பயின்று, வெளியூரில் உள்ள ஒரு சிறிய விமானக் கொட்டகையில் வேலைக்கு அமர்ந்தான். சில மாதங்கள் சென்றபின், “படித்த படிப்புக்கு விமானத்தைக் கழுவித் துடைத்து, அதன்மேல் எழுத்து எழுதுகிறானாம் அண்ணா! தகப்பன் லாரிக்கு எழுதினார். மகன் விமானத்துக்கு எழுதுகிறான். இதற்காகவா கடன் வாங்கிப் படிக்கவைத்தேன்?” என்று தங்கை கண்கலங்கினாள். நேரில் கண்டுவருவோம் என்று ஒரு சனிக்கிழமை காலையில் நாம் புறப்பட்டோம்.

கொட்டகையினுள் நான்கு பேர் அமரக்கூடிய செஸ்னா 172 விமானம் ஒன்று நின்றது. தனியார் ஒருவருடையது. புதிதாக வண்ணம் பூசி, உடலின் நெடுக ஒரு சிவப்புப் பட்டை தீட்டியிருந்தார்கள். நம் மருமகன் அளவுகோலும் ஒட்டுத்தாளுமாக அதன் பக்கத்தில் நின்றான்.

“வாருங்கள் மாமா! அப்பாவின் தொழில்தான். ஆனால், இங்கே பூ வைக்க இடமில்லை” என்று சிரித்தான்.

உண்மைதான். விமானத்தின் மேல் எழுதும் எழுத்துக்கு உலகம் முழுவதும் ஒப்புக்கொண்ட விதிகள் உள்ளன. 1944 ஆம் ஆண்டு சிகாகோ நகரில் உருவான உடன்படிக்கை, ஒரு விமானம் எந்நாட்டில் பதிவு பெறுகிறதோ அந்நாட்டின் குடியுரிமையையே அது பெறும் என்கிறது. ஒரே வேளையில் இரு நாடுகளில் அது பதிவு பெற முடியாது. மனிதரைப் போலவே விமானத்துக்கும் ஒரு தாயகம், ஒரு பெயர்! அந்தப் பெயரை ரோமானியப் பேரெழுத்துகளில், எவ்வித அலங்காரமுமின்றி எழுதவேண்டும். இறக்கையின் அடியில் எழுதினால் உயரம் 50 சென்டிமீட்டருக்குக் குறையலாகாது. உடலின் பக்கத்தில் எழுதினால் 30 சென்டிமீட்டர். எழுத்தின் அகலம் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு; கோட்டின் தடிப்பு ஆறில் ஒரு பங்கு. ஆகவே, 30 சென்டிமீட்டர் உயர எழுத்துக்கு அகலம் 20, தடிப்பு 5. தந்தை கண்ணளவில் எழுதினார். மகன் அளவுகோலைக் கொண்டு எழுதுகிறான்.

நம் நாட்டு விமானங்கள் எல்லாவற்றுக்கும் முதலில் நிற்பவை ‘வி.டி.’ என்னும் இரண்டு எழுத்துகள். இவை ‘வைஸ்ராயின் ஆட்சிப் பரப்பு’ என்பதன் சுருக்கம் என்று பலர் கூறக் கேட்டிருக்கிறோம். அது பின்னாளில் எழுந்த கதை. வானொலி அழைப்புக் குறிகளை நாடுகளுக்குப் பங்கிட்டபோது, ‘வி’ என்று தொடங்கும் தொகுதிகள் பல பிரிட்டிஷ் ஆட்சியின் கீழிருந்த நாடுகளுக்குப் போயின. ஆஸ்திரேலியா இன்றும் ‘வி.ஹெச்.’ என்றே எழுதுகிறது. சிங்கப்பூருக்கு ‘9வி’, இலங்கைக்கு ‘4ஆர்’. வத்திக்கான் நகருக்குக்கூட ‘ஹெச்.வி.’ என்ற எழுத்துகள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன என்று மருமகன் சொன்னபோது நாம் வியந்தோம்.

இரண்டு எழுத்துகளுக்குப் பின் ஒரு சிறு கோடு. அதன்பின் விமானத்துக்கே உரிய மூன்று எழுத்துகள். 1932 ஆம் ஆண்டு அக்டோபர் 15 ஆம் நாள், ஜே.ஆர்.டி. டாட்டா அவர்கள் கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகப் பம்பாய்க்குத் தபால் கொண்டுவந்த ‘பஸ் மாத்’ என்னும் சிறு விமானத்தின் பெயர் வி.டி.–ஏ.டி.என். அந்தத் தபாலைப் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தவர் நெவில் வின்சென்ட். இன்றைய முறைப்படி வானொலியில் அப்பெயரைச் சொல்வதானால் ‘விக்டர், டாங்கோ, ஆல்ஃபா, டெல்ட்டா, நவம்பர்’ என்று விரித்துச் சொல்லவேண்டும். எஸ்.ஓ.எஸ். போன்ற அபாயக் குறிகளை எந்த விமானத்துக்கும் பெயராகத் தருவதில்லை. யாரும் அபாயமில்லாத நேரத்தில் அபாயக் குரலை எழுப்பிவிடக் கூடாதல்லவா!

எழுதும் வேலை முடிந்திருந்தது. இனிக் கழுவி மெருகிடவேண்டும். நாமும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உதவ முன்வந்தோம். தண்ணீர் புகக் கூடாத இடங்களில் சிவப்பு நாடா ஒட்டியிருந்தார்கள். இறக்கையின் கீழ் நீட்டிக்கொண்டிருக்கும் பிட்டோ குழாய், எரிபொருள் தொட்டியின் காற்றுத்துளை, இறக்கையின் முன்விளிம்பில் உள்ள எச்சரிக்கைத் துளை, உடலின் இடப்பக்கத்தில் ஒரு சிறு துளை என நான்கு இடங்கள். கண்ணாடி என்று நாம் நினைத்தது கண்ணாடியன்று. அக்ரிலிக் என்னும் மெல்லிய பொருள். உலர்ந்த துணி பட்டால் கீறல் விழும். ஆதலால் முதலில் நிறையத் தண்ணீர் ஊற்றி, மணல் துகள் இருக்கிறதா என்று வெறுங்கையால் தடவிப் பார்த்துக் கழுவினோம். பிறகு மெழுகு பூசித் துடைத்தோம். எழுத்துகள் பளபளத்தன.

“மாமா, நாடாக்களை எடுத்துவிடுங்கள்” என்றான் மருமகன். எடுத்தோம். சற்றுத் தள்ளி நின்று, அந்த அழகிய எழுத்துகளைப் பெருமிதத்தோடு பார்த்துக்கொண்டிருந்தோம்.

அப்போது மூத்த மெக்கானிக் ஒருவர் வந்தார். தலை நரைத்தவர். “நாடா எத்தனை எடுத்தீர்கள் ஐயா?” என்று வினவினார்.

“எல்லாவற்றையும் எடுத்துவிட்டோம்” என்றோம்.

“எல்லாம் என்பது எண் அல்லவே” என்றார் அவர், மெதுவாக. கையில் கசங்கிக் கிடந்தவற்றை எண்ணினோம். மூன்று!

நான்காவது, உடலின் இடப்பக்கத்துச் சிறு துளையின் மேலேயே இருந்தது. தொங்கவிட்டிருந்த அதன் வால் நீரில் அறுந்து போயிருந்தது. சிவப்புப் பட்டையின் மேல் சிவப்பு நாடா. நம் கண்ணுக்குப் புலப்படவில்லை.

பெரியவர் கடிந்துகொள்ளவில்லை. அந்தத் துளை எதற்கென்று சொன்னார். வெளிக்காற்றின் அழுத்தம் அதன் வழியாகவே உயரம் காட்டும் கருவிக்கும் வேகம் காட்டும் கருவிக்கும் செல்கிறது. அது அடைபட்டால் கருவிகள் பொய் சொல்லும். 1996 ஆம் ஆண்டு அக்டோபர் 2 ஆம் நாள், பெரு நாட்டின் லிமா நகரிலிருந்து நள்ளிரவுக்குப் பின் புறப்பட்ட போயிங் 757 விமானம் ஒன்று பசிபிக் கடலில் விழுந்தது. அதைக் கழுவி மெருகிட்டபோது இத்தகைய துளைகளின் மேல் ஒட்டிய நாடாவை எடுக்க மறந்துவிட்டார்கள். புறப்படுமுன் பார்வையிட்டவர்கள் கண்ணிலும் அது படவில்லை. இருளில், கீழே கடல் எவ்வளவு அருகில் இருக்கிறது என்று அறியாமலே விமானிகள் போராடினார்கள். அதிலிருந்த 70 பேரும் மாண்டனர்.

நம் கை நடுங்கிற்று. “பறக்குமுன் நாங்களும் பார்ப்போம், விமானியும் பார்ப்பார், அஞ்சாதீர்கள். ஆனால், இன்னொருவர் பார்ப்பார் என்று எவரும் விட்டுவிடக் கூடாது” என்றார் பெரியவர். மருமகன் ஒன்றும் பேசாமல், அலமாரியிலிருந்து மஞ்சள் நாடாவை எடுத்து வெளியே வைத்தான். தன் குறிப்பேட்டில், ‘ஒட்டியது நான்கு, எடுத்தது நான்கு’ என்று எழுதிக் கையொப்பமிட்டான்.

விடைபெறுமுன் கதவருகே பொருத்தியிருந்த ஒரு சிறு உலோகத் தகட்டைக் காட்டினான். அதிலும் அதே பெயர் பொறித்திருந்தது. தீயிலும் அழியாத உலோகம். “வண்ணம் முழுவதும் எரிந்துபோனாலும், இது யார் என்று இந்தத் தகடு சொல்லும் மாமா” என்றான்.

ஊர் திரும்பியதும் தங்கையிடம் யாவற்றையும் சொன்னோம். நம் பிழையையும் மறைக்கவில்லை. அவள் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், “அவர் வைப்பதுபோல் இவனும் பூ வைக்கிறானா அண்ணா?” என்று கேட்டாள்.

“விதி இடந்தராதம்மா.”

“அப்படியானால், அது அவன் கைவேலை என்று யாருக்குத் தெரியும்?”

யாருக்கும் தெரியாதுதான். அவ்விமானத்தில் ஏறுகிறவர்கள் இறக்கையின் எழுத்தைப் பார்ப்பார்கள், எழுதியவனை அறியமாட்டார்கள். திறந்திருக்கும் அந்தச் சிறு துளையை ஒருவரும் கவனிக்கப் போவதில்லை. ஏறியவர்கள் மாலையில் நலமாக இறங்கி, பிள்ளைகளைக் காண வீட்டுக்குப் போவார்கள். இதைத் தங்கைக்குச் சொன்னோம். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அடுத்த முறை போகும்போது என்னையும் அழைத்துக்கொண்டு போங்கள்” என்றாள்.