கட்டி என்றொரு சொல்

தலைவியின் பசலையைப் பற்றி மூன்று பக்கம் பிழையில்லாமல் எழுதுகிற மாணவிகள், தங்களுக்கு மூன்று மாதமாக மாதவிலக்கு வரவில்லை என்பதைக் கைபேசியில் தேடும்போது தமிழை ஆங்கில எழுத்தில் அடிக்கிறார்கள். வேறு வழியில்லை. வீடு அவர்களுக்குக் கொடுத்த சொற்கள் ‘தூரம்’, ‘வீட்டு விலக்கு’, ‘தலைக்கு ஊத்துறது’. தேடுபொறிக்குத் தூரம் என்றால் கிலோமீட்டர்தான். பாடநூல் கொடுத்த ‘மாதவிடாய்’ தேர்வுத்தாளோடு சரி. அதை வாய்விட்டுச் சொன்ன பெண்ணை வகுப்பில் நான் இன்னும் பார்க்கவில்லை.

என்னிடம் தமிழ் இலக்கியம் படிக்க வருகிறவர்களில் பலர் வீட்டின் முதல் பட்டதாரிகள். மருத்துவரிடம் போகும் முன், அம்மாவிடம் சொல்லும் முன், கைபேசியிடம்தான் சொல்கிறார்கள். அதுவும் பெரும்பாலும் விடுதித் தோழியின் கைபேசி. தன்னுடையதை ஊருக்குப் போனால் அண்ணன் வாங்கிப் பார்ப்பான். தேடியதை அழித்தாலும் விளம்பரம் விடாது. கருத்தரிப்பு மையக் குழந்தைகள் பல நாட்கள் திரையில் வந்து சிரிக்கும்.

சென்ற ஆண்டு இரண்டாமாண்டு மாணவி ஒருத்தி வகுப்பு முடிந்தும் போகாமல் நின்றாள்.

“அம்மா, நீர்க்கட்டின்னா ஆபரேஷன் பண்ணித்தான் எடுக்கணுமா?”

ஸ்கேன் அறிக்கையில் ‘பிசிஓடி’ என்று இருந்திருக்கிறது. தமிழில் தேடியதும் ‘நீர்க்கட்டி’ கிடைத்தது. அவளுடைய அத்தை ஒருவர் ‘கட்டி’ என்று ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பி வராதவர். நான்கு இரவுகள் அந்த ஒரு சொல்லோடு தூங்காமல் கிடந்திருக்கிறாள்.

அது கட்டியே இல்லை. முட்டையைச் சுமந்து வளர வேண்டிய சின்னஞ்சிறு பைகள் பல, பாதி வளர்ச்சியில் நின்றுவிடுகின்றன. ஸ்கேனில் தெரிவது அவைதாம். 1935இல் சிகாகோவின் ஸ்டெயின், லெவந்தால் என்ற இரு மருத்துவர்கள் ஏழு பெண்களைப் பற்றி எழுதினார்கள். சினைப்பையின் தோற்றமே அப்போது பெரிதாகத் தெரிந்தது, பெயரிலும் அதுவே ஒட்டிக்கொண்டது. 2003இல் ராட்டர்டாமில் கூடிய நிபுணர்கள், ஒழுங்கற்ற சுழற்சி, ஆண்ட்ரோஜன் மிகுதி, சினைப்பையின் தோற்றம் ஆகிய மூன்றில் இரண்டு இருந்தால் போதும் என்றார்கள். அதாவது ‘கட்டி’ தெரியாமலும் இது இருக்கலாம். 2018இன் பன்னாட்டு வழிகாட்டுதல், பூப்படைந்து 8 ஆண்டுகள் ஆகாதவர்களுக்கு ஸ்கேனை வைத்து இதை முடிவு செய்ய வேண்டாம் என்றது. என்னெதிரே நின்றவளுக்கு வயது 19. பூப்படைந்தது 13இல்.

ஆங்கிலத்தில் தேடுகிறவளுக்கு இதெல்லாம் சில நிமிடத்தில் கிடைத்துவிடும். இவளுக்குக் கிடைத்தவை கழற்சிக்காய், எள்ளுருண்டை, ‘48 நாளில் கரையும்’. அவள் காட்டிய காணொளிகளில் பாதி, “குழந்தை பிறக்குமா?” என்றே தொடங்கின. அவள் கேட்டது குழந்தையைப் பற்றி அல்ல. மோவாயில் முளைத்த முடியைப் பற்றி. முகக்கவசத்தைக் கழற்றாமல் ஏன் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறாள் என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது. கழற்சிக்காயோடு எனக்குப் பகையில்லை. 19 வயதுப் பெண்ணின் உடம்பை, பிறக்காத பிள்ளையின் வழியாக மட்டுமே பார்க்கிற மொழியோடுதான் சண்டை.

மூன்று மாதம் தள்ளிப்போனால் மருத்துவரைப் பார்த்தே ஆகவேண்டும், அறுவைக்கு அல்ல, காரணம் தெரிய என்று சொன்னேன். தோழியோடு போனாள். அந்தப் பலகையிலும் ‘மகப்பேறு’தான் முதலில், ‘மகளிர் நலம்’ அதற்குப் பிறகு.

பிறகு கலைச்சொல்லாக்கம் நடத்தியபோது, ‘நீர்க்கட்டி’ என்று கரும்பலகையில் எழுதி மாற்றுச் சொல் கேட்டேன். முதலில் யாரும் தலை நிமிரவில்லை. பிறகு ‘முதிராப்பை’ என்றாள் ஒருத்தி. உடனே பின்வரிசையிலிருந்து ஒரு குரல்:

“முதிராப்பைன்னு சீட்டுல எழுதிக் குடுத்தா, வரப்போற மாமியார் என்ன சொல்லுவாங்கன்னு யோசிச்சியாடி?”

வகுப்பே சிரித்தது. ‘சினைமணி’ என்று ஒன்று வந்தது. கவிதை மாதிரி இருக்கிறது, வேண்டாம் என்றேன். ‘சினைப்பைக் கோளாறு’ என்றால் உடம்பே கோளாறா என்று இன்னொருத்தி மல்லுக்கு நின்றாள். மணி அடிக்கும்வரை எதுவும் முடிவாகவில்லை. ‘நீர்க்கட்டி’யின் குறுக்கே ஒரு கோடு மட்டும் போட்டிருந்தோம். அடுத்து அந்த அறையில் வணிகவியல் வகுப்பு. பலகையை அழிக்காமலே வெளியே வந்தோம்.