கரைய வேண்டிய காலம்

‘விழப்போகிற பல்லுக்கு இவ்வளவு செலவு எதற்கு?’ குழந்தைகளின் பல் மருத்துவம் பற்றிய பேச்சில் தவறாமல் எழும் கேள்வி இது. பெயர்களும் அதற்கு இடம் தருகின்றன. தமிழில் பால்பல்; இந்தியில் ‘தூத் கா தாந்த்’. மருத்துவ நூல்கள் வழங்கும் ‘டெசிடியுவஸ்’ என்னும் சொல்லோ உதிர்தலைக் குறிக்கும் இலத்தீன் வினையிலிருந்து பிறந்தது.

சென்ற ஆண்டு தில்லியில் ஒரு தமிழ்க் குடும்பத்துக்கு மொழிபெயர்ப்பாளனாகப் பல் மருத்துவரிடம் சென்றிருந்தேன். ஐந்து வயதுச் சிறுமி. கீழ்த்தாடையின் இரண்டாம் பால் கடைவாய்ப்பல்லில் சொத்தை பற்கூழை அழித்து, ஈறு வீங்கியிருந்தது. “பிடுங்கிடச் சொல்லுங்க தம்பி” என்றார் தந்தை. அப்பல் பத்து முதல் பன்னிரண்டு வயதுக்குள்தான் விழும். அதுவரை அடியில் வளரும் நிலைப்பல்லுக்கு இடங்காப்பது அதுவே. முன்னதாக எடுத்தால், ஆறு வயதில் முளைக்கும் கடைவாய்ப்பல் முன்னோக்கிச் சாய்ந்து அவ்விடத்தை அடைத்துவிடக்கூடும் என்று மருத்துவர் விளக்கினார். தந்தையின் அடுத்த கேள்வி: “அப்போ உள்ளே அடைக்க எந்த மருந்து நல்லது?”

அந்தக் கேள்வியே என்னை ஆய்வுக் கட்டுரைகளிடம் கொண்டு சேர்த்தது. நிலைப்பல்லின் வேரை அடைக்கும் கட்டா பெர்ச்சா கரையாமல் இருப்பதே அதன் சிறப்பு. பால்பல்லிலோ நிலைப்பல் மேலெழ எழ வேரே கரைகிறது. அடைத்த பொருளும் அதனோடு ஒத்துக் கரைய வேண்டும். கிராம்பு எண்ணெயின் யூஜெனால் கலந்த துத்தநாக ஆக்சைடு நெடுங்காலப் பழக்கமுடையது. ஆனால் வேரைவிட மெதுவாகக் கரைவதால் அதன் துணுக்குகள் தங்கிவிடலாம். கால்சியம் ஹைட்ராக்சைடும் அயோடோஃபார்மும் சேர்ந்த பசை வேர்நுனிக்கு வெளியே கசிந்தாலும் விரைவில் உட்கிரகிக்கப்படும். ஆனால் வேர் கரையுமுன்னரே குழலுக்குள்ளிருந்தும் மறையக்கூடும். ஒன்று தங்கிவிடுகிறது, மற்றொன்று முந்திவிடுகிறது. இரண்டையும் சமன்செய்யும் நோக்கில் மூன்றையும் கலந்த பசைகளும் உள்ளன.

பால்பற்களின் பற்கூழ் சிகிச்சை குறித்து 2018இல் வெளியான காக்ரேன் மீளாய்வு 87 ஆய்வுகளைத் திரட்டியது. வேர்க்குழல்களை அடைக்கும் பொருள்களுள் இதுவே சிறந்தது என அறுதியிட்டுரைக்க அச்சான்றுகள் போதவில்லை.

மொழியியல் மாணவனாகிய என்னை நிறுத்தியது ‘வெற்றி’ என்னும் சொல். வலியும் வீக்கமும் இல்லையெனில் அது மருத்துவ வெற்றி; எக்ஸ்ரேயில் பாதிப்பு தெரியவில்லையெனில் அது கதிர்ப்பட வெற்றி. ஒரே பல்லில் முன்னது வாய்த்துப் பின்னது வாய்க்காமற்போகலாம். மேலும், பல ஆய்வுகள் பன்னிரண்டு அல்லது இருபத்துநான்கு மாதங்களில் முடிந்துவிடுகின்றன. அச்சிறுமியின் பல்லோ இன்னும் ஐந்தாண்டுகளேனும் உழைக்க வேண்டும். இலக்கண மொழியில் சொன்னால், இந்த ‘வெற்றி’ காலத்தை வெளிப்படக் காட்டாத குறிப்பு வினைமுற்று.

பல்லைக் காப்பதென்றே அத்தந்தை முடிவுசெய்தார். எந்தப் பசை என்பதை மருத்துவரின் தேர்வுக்கு விட்டவர், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். எனக்கு அதுவே சரியான கேள்வியாகப் பட்டது.

பல் மருத்துவம் பயிலும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஒப்புதல் படிவங்களைத் தமிழாக்கும்போது ‘வெற்றி’ என்று மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். எவ்வகை வெற்றி, எத்தனை மாதம் கண்காணித்த வெற்றி என்பதையும் எழுதுங்கள். பெற்றோர் முடிவெடுப்பது அந்தக் கணக்கை வைத்தே.