கண்ணாடியின் மேற்பூச்சு

பிள்ளைகளே, அமெரிக்காவில் ஹான்ஃபோர்டிலும் லிவிங்ஸ்டனிலும் இருக்கும் லைகோ கருவிகளில் தொங்குகிற முதன்மைக் கண்ணாடி ஒவ்வொன்றும் 40 கிலோ எடை. மிகத் தூய சிலிக்காவால் ஆனது. லேசர் ஒளியைத் திருப்பியனுப்ப அதன் முகத்தில் பூசியிருக்கும் படலமோ சில மைக்ரான் கனம்தான். ஈர்ப்பலையைக் கேட்கும் அந்தக் கருவியின் கூர்மைக்கு வரம்பு கட்டுவதில் இந்த மெல்லிய படலத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

சூடுள்ள எந்தப் பொருளின் அணுக்களும் ஓய்வதில்லை. அதிர்வை விழுங்கும் பொருள் தானாகவும் நடுங்கும். நல்ல வெண்கல மணி தட்டினால் நெடுநேரம் ஒலிக்கும். கீறல் விழுந்த மணி சட்டென்று அடங்கிவிடும். அப்படி அடங்கும் பொருளில்தான் வெப்ப இரைச்சல் மிகுதி. ஒளி படும் முகத்தை ஒட்டிய அதிர்வு இழப்பே அளவீட்டை அதிகம் கெடுக்கும் என்று 1998இல் யூரி லெவின் கணக்கிட்டுக் காட்டினார். அதன்பின் பூச்சின்மேல் கவனம் திரும்பியது.

பூச்சில் சிலிக்காவும் டான்டலம் ஆக்சைடும் மாறிமாறி அடுக்கப்பட்டிருக்கும். அடுக்குகள் சேரும் இடங்களில் குற்றம் இருக்குமோ என்ற ஐயம் எழுந்தது. பூச்சிட்ட வட்டுகளை அதிரவைத்து, அதிர்வு அடங்கும் நேரத்தை அளந்தார்கள். அடுக்குகளின் எண்ணிக்கையை மாற்றி மீண்டும் அளந்தார்கள். குற்றம் இணைப்பில் இல்லை, டான்டலம் ஆக்சைடிலேயே இருந்தது. ஒன்றை ஐயப்பட ஒரு மாலைப்பொழுது போதும். அது குற்றமற்றது என்று நிறுவ ஆண்டுகள் வேண்டும். அந்த ஆண்டுகளை வீண் என்று எண்ணாதீர்கள். இடம் தெரிந்த பிறகே மருந்து பிறந்தது: டான்டலம் ஆக்சைடுடன் டைட்டானியம் ஆக்சைடைக் கலந்தபோது இழப்பு குறைந்தது.

அந்தக் கலவையைப் பிரான்ஸின் லியோன் நகர ஆய்வகத்தில் பூசினார்கள். 2015 செப்டம்பர் 14 அன்று, இரு கருந்துளைகள் இணைந்தபோது எழுந்த ஈர்ப்பலை வந்து சேர, புரோட்டானின் விட்டத்தில் சில நூறில் ஒரு பங்கு அசைவை அந்தக் கண்ணாடிகள் காட்டின. உலகம் கருந்துளைகளைக் கொண்டாடியது, கொண்டாட வேண்டியதுதான். பூச்சுக்காரர்களையும் நாம் நினைத்திருக்கலாம் என்பது என் ஆதங்கம்.

இப்போது ஜெர்மானியம் ஆக்சைடும் டைட்டானியம் ஆக்சைடும் கலந்த பூச்சு நம்பிக்கை தருகிறது. அதை 600 டிகிரி செல்சியஸில் நெடுநேரம் பதப்படுத்துகிறார்கள். சூடு மிஞ்சினால் படிகமாகி ஒளியைச் சிதறடிக்கும். அடுக்குகள் கூடினால் கொப்புளமும் விரிசலும் தோன்றுகின்றன. மகாராஷ்டிரத்தின் ஹிங்கோலி மாவட்டத்தில் லைகோ-இந்தியா எழவிருக்கிறது. உங்களில் பொருளறிவியல் படிக்கப்போகிறவர்கள் அந்தக் கொப்புளங்களைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.