நெடுந்தீவுக் குதிரையின் குளம்பு

குறிகாட்டுவானிற் படகேறி ஏறக்குறைய ஒரு மணி நேரம் சென்றால் நெடுந்தீவை அடையலாம். அங்கு செல்வோர் பெருக்க மரத்தைக் காண்பர். முருகைக்கல்லாற் கட்டிய கோட்டையின் இடிபாட்டைக் காண்பர். புல்வெளியில் எட்ட நின்று மேயும் குதிரைகளைக் கண்டு வியந்து மீள்வர். அக்குதிரைகளின் காலைக் குனிந்து பார்ப்பவர் மிகச் சிலரே. நாம் இங்கு எழுதப் புகுந்தது அக்காலைப் பற்றி.

காட்டுக் குதிரைகள் என்று இவற்றை அழைப்பது வழக்கமாகிவிட்டது. அப்பெயர் பொருந்துமா? போர்த்துக்கேயரும் அவர்களுக்குப் பின் ஒல்லாந்தரும் தம் தேவைக்கெனக் கொண்டுவந்து பெருக்கிய குதிரைகளின் வழித்தோன்றல்கள் இவை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நோலன் என்ற ஆங்கிலப் படை அதிகாரியும் இத்தீவிற் குதிரை வளர்ப்பை நடத்தினார். இடிந்த லாயம் இன்றும் அதற்குச் சான்று. பின்னர் மோட்டார் வண்டி வந்தது. குதிரைக்கு வேலை இல்லாமற் போயிற்று. உழைத்த மனிதனையே வெறுங்கையோடு அனுப்பிய ஆட்சி குதிரைக்கா ஓய்வூதியம் கொடுக்கும்? அவிழ்த்துவிட்டுப் போயினர். கைவிடப்பட்டதால் விளைந்த நன்மை ஒன்றுண்டு: இன்று அங்கு மேயும் குதிரைகளின் காலில் ஆணி ஏறவில்லை.

குளம்பு உயிரற்ற கட்டை அன்று. அதன் சுவர் நமது நகத்தைப் போல் வளர்வது. மாதத்துக்கு ஏறக்குறைய 1 சென்ரிமீற்றர் அளவில் வளர்ந்து, முன்நுனி முற்றாகப் புதுப்பிக்கப்பட ஓராண்டளவு செல்லும். உள்ளே எலும்பையும் சுவரையும் பிணைப்பவை மெல்லிய இதழ்கள். அடியில், ஆப்பு வடிவில், இறப்பரைப் போல் நெகிழும் பகுதியொன்று உண்டு. காலை ஊன்றும்போது குளம்பின் பின்பாதி சற்றே விரிகிறது, எடுக்கும்போது ஒடுங்குகிறது. அதிர்ச்சியைத் தாங்குவதற்கும் குருதியை மேலே திருப்புவதற்கும் இவ்வசைவு துணை. இரும்பு வளையத்தை ஆணியடித்துப் பூட்டினால் அசைவு குறுகும். தேயவேண்டிய சுவர் தேயாது நீளும். இலாடம் வேண்டாம் என்போரின் வாதம் சுருக்கமாக இதுவே.

இலாடத்தைக் கண்டவன் கொடியவன் என்று நாம் சொல்ல வரவில்லை. பாரம் ஏற்றிக் கல்வீதியில் நாள் முழுதும் ஓட்டினால் வளர்ச்சியைத் தேய்வு மிஞ்சிவிடும். எமது வண்டி மாடுகளைக் கயிறிட்டு வீழ்த்தி, நான்கு காலையும் சேர்த்துக் கட்டி இலாடம் அடித்ததைக் கண்டவர்கள் இன்னும் உளர். இரும்பு கேட்டது குளம்பு அன்று, வேலை. கி.மு. 4ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்கரான செனொபோன், கொட்டிலுக்கு வெளியே உருண்டைக் கற்களைப் பரப்பி அவற்றின்மேற் குதிரையை நிற்பாட்டிக் குளம்பை உரமாக்கும்படி எழுதிவைத்தார். நெடுந்தீவின் முருகைக்கல் நிலம் அவ்வேலையைக் கூலியின்றிச் செய்கிறது.

தமிழர் நாட்டிற் குதிரை பட்ட பாட்டுக்கு மார்க்கோ போலோ சாட்சி. 13ஆம் நூற்றாண்டின் இறுதியிற் பாண்டிநாட்டுக்கு ஆண்டுதோறும் கப்பலேறி வந்த குதிரைகளுட் பெரும்பாலானவை பராமரிப்புத் தெரியாமையால் மடிந்தன என்றும், குதிரை வைத்தியம் அறிந்தோரை வணிகர் அங்கு போகவிடாமல் தடுத்தனர் என்றும் அவர் குறித்துள்ளார். குதிரை சாகாவிட்டால் மறு ஆண்டு யார் வாங்குவார்? அறிவைப் பூட்டிவைத்துப் பணம் பண்ணும் கலை மருந்துக் கம்பெனிகள் கண்டுபிடித்தது அன்று என்பது இதனாற் புலனாகும்.

அப்பூட்டை நமது காலத்தில் ஒரு தொழிலாளி அசைத்தார். ஜேமி ஜாக்சன் என்ற அமெரிக்க இலாடத் தொழிலாளி, 1980களில் மேற்கு அமெரிக்காவின் வறண்ட நிலங்களில் திரிந்த குதிரைகளின் குளம்புகளை ஆராய்ந்து, 1992இல் அவற்றைப் பற்றி நூல் வெளியிட்டார். அவர் வழிவந்தோர் வீட்டுக் குதிரையின் குளம்பைச் சில வாரங்களுக்கொருமுறை அரத்தால் அராவி, விளிம்பை உருட்டிவிடுவர். திரியும் குதிரைக்கு நிலம் செய்வதைக் கட்டுண்ட குதிரைக்குக் கை செய்கிறது. அரத்தை மட்டும் நம்பி, நடையையும் தீனியையும் மறப்போர் பாதி வைத்தியமே செய்கின்றனர்.

இயற்கை யாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்று கைகட்டி நிற்போருக்கும் ஒரு செய்தி உண்டு. அவுஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தார் திரிகுதிரைகளின் குளம்புகளைச் சோதித்தனர். உறுதியானவை என்று போற்றப்பட்ட குளம்புகளிலும் உள்ளிதழ் அழற்சியின் அடையாளங்கள் இருந்தன. மென்மணலில் குளம்பு நீண்டு பிளந்தது. கற்றரையிலோ கட்டையாகத் தேய்ந்தது. நிலம் நல்ல வேலைக்காரன்தான். ஆனால் அதற்கு இரக்கம் கிடையாது. நாம் நெடுந்தீவிற் கண்ட குதிரைகளுள்ளும் விளிம்பு வட்டமாகத் தேய்ந்து அழகாக நின்றவை பல; முன்நுனி உடைந்து நொண்டியது ஒன்று. மாலை வரை பார்த்திருந்தோம். அது கூட்டத்துக்குப் பின்னாலேயே வந்தது.

2015இல் நெடுந்தீவின் ஒரு பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அறிவிப்பினால் மழை பெய்வதில்லை. வரட்சியிற் குதிரைகள் தாகத்தால் மடிந்த செய்தி பத்திரிகைகளில் வந்ததுண்டு. நன்னீர் அரிதான தீவு அது; தீவு மக்களின் குடங்களும் அவர்களின் மாடுகளும் அதே நீரை நாடியே நிற்கின்றன. குதிரையின் பேரால் அம்மக்களைக் குறை கூறும் சுற்றுலா அன்பு எமக்கு உடன்பாடன்று. இருசாராருக்கும் போதிய நீர் வேண்டும். அதைத் தேக்குவது ஆட்சியின் கடன்.

தொட்டியை எங்கே வைப்பது என்பதும் சிறு விடயம் அன்று. மேய்ச்சலுக்கு அருகிலேயே ஒரே தொட்டியை வைத்தால் குதிரைகள் அதைச் சுற்றிச் சேற்றில் நிற்கும். ஈரத்திற் குளம்பு மெதுமையாகும், நடை குறையும், சுவர் நீளும். தொட்டிகளைப் பல இடத்திற் கற்றரையில் வைத்தால் தண்ணீருக்காக நடக்கும் நடையே குளம்பைச் சீர்செய்யும். இதை அளந்து பார்க்கப் பெரிய ஆய்வுகூடம் வேண்டியதில்லை. உயிரியல் கற்பிக்கும் ஆசிரியர் மாரியில் ஒருமுறையும் கோடையில் ஒருமுறையும் மாணவரை அழைத்துச் சென்று, நீர்த்துறையின் ஈர மண்ணிற் பதிந்த குளம்படிகளின் நீள அகலத்தைக் குறித்துவரலாம். அடிமட்டமும் கொப்பியும் போதும். படகு காலையிலேயே புறப்பட்டுவிடும்.