பில் புத்தகத்தின் மறுபாதி

நமது கடைகளின் சுவர்களைப் பற்றி நமது கதைகளில் நிறைய எழுதியாகிவிட்டது. கஃபாப் படம் போட்ட கலண்டர், கண்ணாடிச் சட்டத்துக்குள் ஆயத்துல் குர்ஸி, கல்லாவுக்கு மேலே துருக்கித் தொப்பியுடன் மர்ஹூம் மூத்தாப்பா. அதே சுவரில், பெரும்பாலும் மின்மானிக்குப் பக்கத்தில், தூசி படிந்து தொங்கும் மூன்று நான்கு காகிதங்கள் மட்டும் நான் வாசித்த எந்தக் கதையிலும் இடம்பெறவில்லை. வியாபார அனுமதிப்பத்திரம், வியாபாரப் பெயர்ப் பதிவு, தராசுக்கு முத்திரை குத்திய சான்று, விலைப்பட்டியல். அழகற்ற காகிதங்கள்தான். கடை வைத்திருக்கும் நம்மவர்களில் பலர்கூட அவற்றை ஒரு தொல்லையாகத்தான் பார்க்கிறார்கள். அந்தத் தொல்லையைப் பற்றித்தான் நான் இங்கே பேசப் போகிறேன்.

கண்டி மாநகர சபைக்கு வயது 160ஐத் தாண்டிவிட்டது. 1865ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொழும்போடு சேர்ந்து பிறந்த சபை அது. நகர எல்லைக்குள் ஹோட்டல், பேக்கரி, இறைச்சிக் கடை, சலூன் என்று எதை நடத்தினாலும் அங்கே போய் லைசன் எடுக்க வேண்டும். நகரத்தைத் தாண்டி அக்குறணை, திகன என்று விரியும் ஊர்களின் கடைகளில் பெரும்பாலானவை பிரதேச சபைகளைச் சேர்ந்தவை. பிரதேச சபைகளுக்கான 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம், கட்டடத்தின் ஆண்டுப் பெறுமதியைப் பார்த்து லைசன் கட்டணத்துக்கு 500, 750, 1000 ரூபா என்று மூன்று உச்சவரம்புகளை வகுத்தது. ஆக, ஒரு கடை இருக்கிறது என்று அரசாங்கம் ஒப்புக்கொள்ளும் காகிதத்துக்கு அந்தச் சட்டம் போட்ட அதிகபட்ச விலை 1000 ரூபா. டிசம்பர் 31ஆம் திகதியோடு அதன் உயிர் போய்விடும். ஜனவரியில் மறுபடி வரிசையில் நிற்க வேண்டும்.

பெயர்ப் பதிவு வேறு கதை. 1918ஆம் ஆண்டின் 6ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தோடு வந்த வழக்கம் அது. பெயர்ப் பலகைக்குப் பின்னால் இருக்கும் ஆள் யார் என்று ஊருக்குத் தெரிய வேண்டும் என்பது அதன் நோக்கம். இப்போது பிரதேச செயலகத்தில் பதிகிறோம். தராசை வருடத்துக்கு ஒருமுறை அளவீட்டு அலகுகள் திணைக்களத்தாரிடம் கொண்டுபோய் முத்திரை வாங்க வேண்டும். விலையும் பில்லும் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் பாடு. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம், விலையை எல்லோருக்கும் தெரியும்படி மாட்டு என்கிறது. வாங்குபவர் கேட்டால் பில் கொடு என்கிறது. இருக்கும் சாமானை இல்லை என்று சொல்லாதே என்கிறது. மதீனாவின் சந்தையில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு, அடியில் இருந்த ஈரத்தை வெளியே எடுத்துக் காட்டிய நபியின் உம்மத்துக்கு இதெல்லாம் புதிதாக இருக்கக் கூடாது. முஹ்தஸிப் என்ற சந்தைப் பரிசோதகர் நமது வரலாற்றில் ஒரு கௌரவமான பதவி.

ஆனால் எங்கள் வீட்டில் இன்ஸ்பெக்டர் என்ற சொல்லுக்கு அந்தக் கௌரவம் இருக்கவில்லை. கண்டியிலிருந்து மாத்தளை போகும் வீதியில் பத்துக் கிலோமீற்றர் அளவில், அக்குறணையில், வாப்பாவுக்கு ஒரு சில்லறைக் கடை இருந்தது. எழுபதுகளின் தட்டுப்பாட்டுக் காலம். அரிசிக்கும் மிளகாய்க்கும் சீனிக்கும் விலைக் கட்டுப்பாடு. தெருவில் ஒரு ஜீப் நின்றால் கடைகள் ஒவ்வொன்றாகப் பலகை போடும். "கடையைத் திறக்கிறது அல்லாஹ், மூடுறது இன்ஸ்பெக்டர்" என்பார் வாப்பா. ரெய்ட் என்ற ஆங்கிலச் சொல்லை நான் பாடசாலைக்குப் போவதற்கு முன்பே கற்றுக்கொண்டேன்.

கடையில் அரசாங்கக் காகிதங்களைவிட முக்கியமான ஒன்று இருந்தது. கடன் கொப்பி. மட்டை கிழிந்து, சணல் நூலால் கட்டப்பட்ட நீளக் கொப்பி. பக்கத்துச் சிங்களக் கிராமத்தாரும் தோட்டத்து ஆட்களும் நம்மவர்களும் அதில் பக்கத்துக்கு ஒருவராக இருந்தார்கள். சாமான் வாங்கியவர் போன பிறகு வாப்பா சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். மாதம் முடிய வாப்பா கூட்டிச் சொல்வார், அவர்கள் கொடுப்பார்கள். கொப்பி எப்போதும் கடையில்தான் இருந்தது. வாப்பா ஒரு சதம் கூட்டி எழுதச் சொன்னதில்லை. எனக்கு அது தெரியும், ஏனென்றால் எழுதியவன் நான். ஆனால் வாங்கியவருக்கு அது தெரிவதற்கு ஒரு வழியும் இருக்கவில்லை. அவர் நம்பினார், அல்லது நம்புவதைப் போல இருந்தார். கடன்காரன் பில் கேட்க முடியுமா?

இந்தக் கேள்வி என்னை நீண்ட காலமாக அரித்துக்கொண்டிருக்கிறது. 1915ஆம் ஆண்டைப் பற்றி வாசிக்கும்போதெல்லாம் அது திரும்பி வரும். அந்த வருட மே மாத இறுதியில், வெசாக் இரவில், கண்டி காசல் ஹில் வீதிப் பள்ளிவாசலுக்கு முன்னால்தான் கலவரம் ஆரம்பித்தது. பெரஹரா எத்தனை மணிக்கு, எந்த வழியால் போகலாம் என்பதில் பிணக்கு. (அந்த இரவின் தகராறிலும் நடுவில் இருந்தது ஓர் அனுமதிப்பத்திரம்தான் என்பதைக் கவனிக்க வேண்டும்.) ஆனால் கண்டியில் மூண்டது நாட்டின் பல மாகாணங்களுக்குப் பரவியதற்குப் பெரஹரா மட்டும் காரணம் இல்லை என்று வரலாற்று ஆய்வாளர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். 1914இல் போர் தொடங்கி விலைகள் ஏறியிருந்தன. ஊர் ஊராகச் சில்லறைக் கடை வைத்திருந்த கரையோரச் சோனகர் மீது விலைக்கும் கடனுக்கும் சேர்த்து ஒரு கோபம் ஊறிக் கிடந்தது. விலையை யார் ஏற்றினார், எவ்வளவு ஏற்றினார், கப்பல் வராததால் ஏறியதா, முதலாளியின் ஆசையால் ஏறியதா என்று பிரித்துப் பார்க்க வாங்குபவரின் கையில் ஒரு துண்டுக் காகிதமும் இல்லை. காகிதம் இல்லாத இடத்தில் குற்றம் ஒரு கடைக்குச் சொந்தமாவதில்லை. கடைக்காரனின் தொப்பிக்குச் சொந்தமாகிவிடுகிறது.

தூண்டிவிட்டவர்களையும் தீ வைத்தவர்களையும் நான் விடுவிக்கவில்லை. விலைப்பட்டியல் மாட்டியிருந்தால் கலவரம் வந்திருக்காது என்று சொல்லும் அளவுக்கு நான் அப்பாவியும் இல்லை. ஒரு சமூகத்தை வெறுக்கத் தீர்மானித்தவனுக்கு பில் புத்தகம் தடையாகாது. ஆனால் தீர்மானிக்காதவர்கள்தான் எப்போதும் அதிகம். அவர்களுக்கு நாம் என்ன கொடுத்தோம் என்பதே என் கேள்வி.

2013இன் ஹலால் சர்ச்சையிலும் இதைத்தான் கண்டேன். ஒரு பொருளில் என்ன இருக்கிறது என்று அதன் உறை சொல்வது நுகர்வோர் உரிமை, அவ்வளவுதான். அந்த இலச்சினைக்கு எதிராகப் பொதுபல சேனா மேடைகளில் முழங்கியபோது, ஒரு சாதாரண சிங்களத் தாயின் மனதில் எழுந்தது மிகச் சிறிய கேள்வி: இதற்குக் கொடுக்கும் கட்டணம் நான் வாங்கும் பிஸ்கட்டின் விலையில் எத்தனை சதம்? இது கணக்குக் கேள்வி. இலக்கத்தில் பதில் சொல்லியிருக்கலாம், சிங்களத்தில், பத்திரிகையின் முதல் பக்கத்தில். நாமோ மார்க்க விளக்கம் கொடுத்துக்கொண்டிருந்தோம். அந்த வருடம் மார்ச் மாதம் உலமா சபை உள்ளூர்ச் சந்தையில் இலச்சினையை விட்டுக்கொடுத்தது. கணக்குக் கேள்விக்கான பதில் அந்தத் தாயிடம் கடைசிவரை போய்ச் சேரவில்லை.

பிறகு 2018 மார்ச். திகன, தெல்தெனிய, கட்டுகஸ்தோட்டை, அக்குறணை. அந்த நாட்களைப் பற்றி நம்மவர்கள் கவிதைகளாகவும் கதைகளாகவும் எழுதியிருக்கிறார்கள். நான் எழுதப் போவது அதற்குப் பின்னால் வந்த மாதங்களை. திகனப் பக்கத்தில் துணிக்கடை வைத்திருந்த என் மச்சான் ஒருவரின் கடை முழுதாக எரிந்தது. சுவரில் தொங்கிய காகிதங்களும் துணியோடு எரிந்தன. லைசன் எடுத்ததற்கும் பெயர் பதிந்ததற்கும் அந்தந்த அலுவலகங்களில் பதிவு இருந்தது, பிரதி எடுத்துவிட்டார். 1000 ரூபாக் காகிதத்தின் அருமை அன்றுதான் தெரிந்தது. கடை இருந்தது என்பது நிரூபணமாயிற்று. கடைக்குள் என்ன இருந்தது? நட்டஈட்டு விண்ணப்பத்தை வாங்கிய ஓர் அலுவலகத்தில் கேட்டார்கள்: "சாமான் இருந்ததற்கு ஆதாரம்?" கொள்வனவுப் பில்கள் சாம்பல். விற்பனைப் பில் புத்தகத்தின் கார்பன் பிரதிகளும் சாம்பல். அந்த விண்ணப்பப் படிவமும் சிங்களத்தில் மட்டுமே இருந்ததால் நிரப்பிக் கொடுக்க என்னைக் கூப்பிட்டிருந்தார்.

மச்சானிடம் ஒரு பழக்கம் இருந்தது. மற்றக் கடைக்காரர்கள் சிரிப்பார்கள். ஒரு கைக்குட்டை விற்றாலும் பில் எழுதுவார். "மாற்ற வந்தால் தகராறு வராதே நானா" என்பார் என்னிடம். கார்பன் பிரதி எரிந்துவிட்டது, மறுபாதி ஊரில் இருந்தது. நானும் அவருமாகப் புறப்பட்டோம். கலவரம் நடந்து ஆறு வாரம்கூட ஆகவில்லை. சிங்கள வீடுகளின் கேற்றைத் தட்ட அவருக்குக் கால் எழவில்லை. முதலில் ஒரு தையல்கார அம்மா. பிறகு பாடசாலைச் சீருடைத் துணி மொத்தமாக எடுக்கும் ஓர் ஆசிரியை. அந்த ஆசிரியை எங்களை உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே போனவர், வெகுநேரம் வரவில்லை. மச்சான் எழுந்து போய்விடலாம் என்றுகூடச் சொன்னார். வந்தபோது கையில் ஒரு பிஸ்கட் டின். உள்ளே இறப்பர் பட்டி போட்டு இரண்டு வருடத்துப் பில்கள். மச்சானின் கையெழுத்து, மச்சானின் கடை முத்திரை. தேநீர் குடிக்காமல் போக விடவில்லை. நடந்ததைப் பற்றி அவர் எதுவும் பேசவில்லை, நாங்களும் பேசவில்லை. பில்களைத் திகதி வாரியாக அடுக்கிக் கொடுத்தார்.

ஏழு வீடுகளில் நாற்பதுக்கு மேல் பில் சேர்ந்தது. நட்டஈடு கிடைத்தது, இழந்ததற்கு அது எந்த வகையிலும் ஈடல்ல. எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. அந்த ஏழு வீட்டாருக்கும் மச்சான் ஒரு தனி மனிதர். அவர் விற்ற விலை அவர்கள் டின்னில் இருந்தது.

காகிதம் எப்போதும் நம்மைக் காக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. 2019இல், உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பிறகு, வென்னப்புவ பிரதேச சபைத் தவிசாளர் ஒருவர் தங்கொட்டுவ வாராந்தச் சந்தையில் முஸ்லிம் வியாபாரிகள் கடை போடக் கூடாது என்று கடிதம் எழுதினார். விடயம் மாரவில நீதிமன்றம் வரை போயிற்று. சந்தையில் இடம் கொடுக்கும் அதிகாரம், இடம் மறுக்கும் அதிகாரமும்தான். உள்ளூராட்சித் தேர்தலுக்கு வேட்பாளரைத் தெரியும்போது வீதி லாம்புக்காக மட்டும் ஆளைத் தேடுகிறோமே, லைசன் புத்தகம் யார் கையில் இருக்கப் போகிறது என்று யோசிக்கிறோமா?

சட்டத்திலும் கோணல்கள் உண்டு. 2021இல் திருத்தம் வந்து, உச்ச விலைக்கு மேல் விற்கும் தனி வியாபாரிக்கு ஒரு இலட்சம் முதல் ஐந்து இலட்சம் ரூபா வரை தண்டப்பணம் என்றாயிற்று. அடுத்த வருடம் ஆகஸ்ட் மாதம் வெள்ளை முட்டைக்கு 43 ரூபா, சிவப்பு முட்டைக்கு 45 ரூபா என்று வர்த்தமானி வந்தபோது, வாங்கும் விலையே அதற்குக் கிட்ட நிற்பதாகச் சொல்லிப் பல கடைக்காரர்கள் முட்டைத் தட்டை உள்ளே எடுத்து வைத்தார்கள். பொருள் வரும் வழியைச் சீர்செய்யாமல் விலையை மட்டும் கட்டிப் போடுவது வாப்பாவின் காலத்திலேயே தோற்றுப் போன வைத்தியம். அதை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் விலையை மாட்டு, நிறையைச் சரியாகக் கொடு, பில் எழுது என்பது வேறு. 2024இல் ஒரு இறாத்தல் பாண் 450 கிராம் இருக்க வேண்டும், 13.5 கிராமுக்கு மேல் குறையக் கூடாது என்று அறிவித்தபோது நமது பேக்கரி முதலாளிகள் சிலர் முறுமுறுத்தார்கள். இறாத்தல் என்று சொல்லி விற்றால் இறாத்தல் இருக்க வேண்டாமா?

2025 ஏப்ரலில், 16 வருடங்களுக்குப் பிறகு, ஸ்ரீ தலதா வந்தனாவ நடந்தபோது கண்டி அடையாளம் தெரியாமல் நிறைந்து வழிந்தது. 18ஆம் திகதி முதல் பத்து நாட்கள். யாத்திரிகர்கள் வீதியில் படுத்தார்கள். பள்ளிவாசல்கள் கதவைத் திறந்து சாப்பாடும் தங்க இடமும் கொடுத்தன. நாடே அதைப் பற்றிப் பேசியது, நாமும் பூரித்துப் போனோம். அந்த மாதம் முதலாம் திகதியிலிருந்துதான் தண்ணீர்ப் போத்தலுக்கு உச்ச விலை நடைமுறைக்கு வந்திருந்தது. அரை லீற்றருக்கு 70 ரூபா, ஒரு லீற்றருக்கு 100. இலவசமாகக் கொடுத்த சோற்றைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். விலைக்கு விற்ற தண்ணீரைப் பற்றியும் ஒரு வரி எழுத வேண்டும்.

கொழும்பு வீதிப் பக்கம் என் மருமகன் ஒருவன் வேலை பார்க்கும் சிறு கடையில் அன்று பகல் முழுவதும் இருந்தேன். வரிசை கடை வாசலைத் தொட்டு நின்றது. 150 என்று சொன்னாலும் அந்த வெயிலில் வாங்கிக் குடித்திருப்பார்கள். கடை முதலாளி, இளைஞர், காலையிலேயே ஒரு காட்போட் மட்டையில் 70 என்றும் 100 என்றும் பெரிதாக எழுதி வாசலில் தொங்கவிட்டிருந்தார். மொனராகலைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு முதியவர் இரண்டு போத்தல் வாங்கினார், மட்டையைப் பார்த்தார், மிச்சக் காசை எண்ணினார். பிறகு, கேட்கலாமா கூடாதா என்ற தயக்கத்தோடு, ஊருக்குப் போய் ஆட்களிடம் செலவுக் கணக்குக் காட்ட வேண்டும், ஒரு துண்டு எழுதித் தர முடியுமா மஹத்தயா என்றார். பின்னால் நின்றவர்கள் அவசரப்பட்டார்கள். மருமகன் முதலாளியைப் பார்த்தான். அவர் லாச்சியைத் திறந்து பில் புத்தகத்தை எடுத்துப் போட்டார்.