வால்மீன் காட்டிய காற்று

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

காற்றைக் கண்டவர் எவருமில்லை. ஆயினும் அசையும் கிளையைக் கண்டு காற்றை அறிகிறோம். விண்வெளியிலும் ஒரு காற்று உண்டு. மின்னேற்றம் பெற்ற துகள்கள் சூரியனிலிருந்து நொடிக்குச் சுமார் 400 கிலோமீட்டர் வேகத்தில் ஓயாமல் வீசுகின்றன. இந்தச் சூரியக் காற்றை நமக்குக் காட்டிக் கொடுத்தவை வால்மீன்களே.

வால்மீனுக்குப் பெரும்பாலும் இரு வால்கள். தூசி வால் வளைந்திருக்கும். அயனி வாலோ நீல நிறத்தில் நீண்டு நேராக நிற்கும். ஒளியின் அழுத்தம் மட்டும் அயனிகளை இத்தனை விரைவாகத் தள்ள முடியாது, இடைவிடாத துகள் ஓட்டம் இருந்தாக வேண்டும் என 1951இல் ஜெர்மானிய அறிஞர் பியர்மன் முடிவுகட்டினார்.

என் தந்தை மாமல்லபுரத்தை அடுத்த குப்பத்தில் மீன்பிடித் தொழில் செய்பவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். திருக்கழுக்குன்றம் வழியாகப் பேருந்தேறிச் செங்கற்பட்டு வந்து நான் என்ன படிக்கிறேன் என்பது வீட்டில் எவருக்கும் தெரியாது. எனக்கும் சொல்லத் தெரியவில்லை. நாளடைவில் வீட்டில் பேச்சே குறைந்து வந்தது.

2024 செப்டம்பர் இறுதியில், விடியலுக்கு முன் கடலின் மேல் சூச்சின்ஷான்-அட்லஸ் வால்மீன் தெரிந்தது. கரையில் நின்று தந்தையிடம் இந்தக் காற்றைப் பற்றிச் சொன்னேன். அவர் சற்று யோசித்துக் கேட்டார்:

"ஏம்பா, ஓடுற படகுல கொடி காத்து போற பக்கமே நேரா நிக்காது, கொஞ்சம் பின்னால சாயும். அந்த வாலும் சாயுமா?"

சாயும்! அயனி வால் சில பாகை பின்தங்கியே நிற்கிறது. அந்தச் சாய்வும் வால்மீனின் வேகமும் தெரிந்தால் சூரியக் காற்றின் வேகத்தைக் கணக்கிடலாம். எழுத்தறியாத என் தந்தை கேட்டது அறிஞர்கள் கேட்ட அதே கேள்வி!

அங்கே புயலும் உண்டு. 2007 ஏப்ரல் 20 அன்று, சூரியனிலிருந்து வெடித்துக் கிளம்பிய துகள் வீச்சொன்று என்கே வால்மீனின் அயனி வாலை அறுத்தெறிந்தது. ஸ்டீரியோ விண்கலம் அதைப் படமெடுத்தது.

1958இல் இளம் அறிஞர் பார்க்கர் சூரியக் காற்றை விளக்கிக் கட்டுரை எழுதியபோது மதிப்பீட்டாளர் இருவரும் மறுத்தனர். இதழாசிரியரோ நம் சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சந்திரசேகர். அவருக்கும் அக்கருத்தில் உடன்பாடில்லை. எனினும் கணக்கில் பிழை காணாததால் அச்சேற்றினார். 1962இல் மாரினர்-2 விண்கலம் அந்தக் காற்றை அளந்து உறுதி செய்தது. 2023 செப்டம்பர் 2 அன்று, நம் கடற்கரைக்கு வடக்கே ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து, ஆதித்யா எல்-1 அதே காற்றை அளக்கும் கருவிகளைச் சுமந்து சென்றது.

சொல்பவர் யார் என்று பாராமல் சொல்வதைப் பார்த்தார் சந்திரசேகர். நண்பர்களே, நம்மில் பலர் வீட்டின் முதல் பட்டதாரிகள். கற்றதை நம் வீட்டுத் திண்ணையிலும் சொல்லிப் பார்ப்போம். பாடநூலில் இல்லாத நல்ல கேள்வி அங்கே காத்திருக்கக் கூடும்.